நெய்மீன் வறுவலும் நாடு கடத்தப்பட்ட டிரைவும்

தவளைமலை அரசர் இடும்பவர்மருக்குக் கோபம் வந்தால் அரண்மனைப் பூனைகூட மீசையை மடக்கிக்கொள்ளும். அன்று கோபம் வந்தது ஒரு ஃபோல்டரால்.

மகாராணி தினமும் மதியச் சாப்பாட்டுப் பட்டியலைப் படங்களோடு அந்தப்புரக் கம்ப்யூட்டரில் போட்டு வைப்பார். அரசர் சபையிலிருக்கும் தன் கம்ப்யூட்டரில் அதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்து போவார். மூன்று மாதமாக அந்த ஷேர்டு ஃபோல்டர் திறப்பதற்குள் மகாராணியின் தம்பிமார் பந்தியையே காலி செய்துவிடுகிறார்கள்.

“நேற்று நெய்மீன் வறுவல்! எனக்கு வந்தது முள்!” என்று கர்ஜித்தார் அரசர்.

அமைச்சர் திருமேனிராயர் குழைந்தார். “வயரெல்லாம் உளுத்துவிட்டது, மன்னா. சுவரை இடித்துப் புதிதாய் இழுக்கணும். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டிய சிட்டையன் தூங்கிவிட்டான், அவனை விரட்டணும்.”

வயர் வியாபாரம் செய்வது அமைச்சரின் மச்சான். இந்த மாதிரி ஆளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்!

“தாமதத்துக்குக் காரணமான ஆள் எவனோ, அவன் பொழுது சாய்வதற்குள் நாட்டு எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும்!” என்றார் அரசர்.

சபையின் சாதுர்யக்காரன் சிட்டையன் அசரவில்லை. கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் நோண்டினான்.

“மன்னா, ஃபோல்டர் திறந்த பிறகு படமெல்லாம் பறந்து வருகிறது. திறக்கத்தான் திணறுகிறது. வயர் உளுத்திருந்தால் இரண்டும்தானே நொண்டணும்? முதலில் சபைக்கு யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிடுகிறேன்.” தொண்டையைக் கனைத்தான். “புரோகிதரே!”

“இருக்கேன்பா.”

“தளபதி கோடாலியாரே!”

பதிலில்லை. சிட்டையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

“அடேய்! அவனை நாடு கடத்தி மூன்று மாதமாச்சு! யாருக்குடா காத்து நிற்கிறாய்?”

“உங்கள் கம்ப்யூட்டரும் அவருக்குத்தான் காத்து நிற்கிறது, மன்னா! அவர் கம்ப்யூட்டரை இசட் டிரைவ் என்று இதில் இணைத்து வைத்திருக்கிறீர்கள். அவர் அதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இது ஒவ்வொரு தடவையும் ‘தளபதியாரே, இருக்கீரா?’ என்று கேட்டு, பதில் வராமல் அலுத்த பிறகுதான் ராணியம்மாவிடம் போகிறது.”

இசட் டிரைவைத் துண்டித்தான். ஃபோல்டரைத் தட்டினான். கண் இமைப்பதற்குள் திறந்தது. இன்றைக்கு இறால் தொக்கு!

“உங்கள் ஆணையும் நிறைவேறிவிட்டது, மன்னா. தாமதத்துக்குக் காரணமான ஆள் எப்போதோ எல்லையைத் தாண்டிவிட்டார். பெயர்தான் இங்கே பாக்கி.”

அரசருக்கு உறைத்தது. “நாடு கடத்தப்பட்டவன் பெயரை எல்லா இடத்திலும் நீக்கச் சொன்னேனே! அமைச்சரே!”

பதிலில்லை.

“திருமேனிராயரே!”

ஆசனம் காலி. பின்வாசல் கதவு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

“காத்து நிற்காதீர்கள், மன்னா,” என்றான் சிட்டையன். “அதுவும் இசட் டிரைவ்தான். தொக்கு ஆறுகிறது!”

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். அன்று பந்தியில் அமைச்சருடைய இலை சிட்டையனுக்கு.