மூன்று இடத்தில் இழுத்த தாளம்

குரு என்றதும் தாடியையும் மரத்தடியையும் தேடாதீர்கள். குரோஷியாவின் தெற்குக் கடலோரத்தில் ஒரு சிற்றூர். அங்கே பள்ளிக்கூட பஸ் ஓட்டும் தேசாதான் இந்தக் கதையின் குரு. வயது முப்பத்தெட்டு. பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தால் லியேரிட்ஸாவைக் கையில் எடுப்பாள். முழங்காலில் நிறுத்தி வில்லால் வாசிக்கிற, மூன்று தந்தி உள்ள சின்ன வாத்தியம். லிஞ்ஜோ என்ற ஜோடி நடனத்துக்கு அதுதான் இசை. மேளம் கிடையாது. வாசிப்பவரே வலது காலால் தரையை ஓங்கி மிதித்துத் தாளம் போடவேண்டும்.

சீடர் இவோருக்கு ஐம்பத்தைந்து. ஓட்டல்களில் கீபோர்டு வாசிப்பார், வீட்டில் கம்ப்யூட்டரில் புதுப்பாணி இசை அமைப்பார். மூன்று வருஷமாக தேசாவிடம் கற்றுக்கொள்கிறார். தங்கமான மனுஷர், வாய்தான் சும்மா இருக்காது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் மகளுக்குக் கல்யாணம். மனைவி யெலேனாவுக்கு ஒரே ஆசை. மகள் கல்யாணத்தில் ஒரு லிஞ்ஜோ முழுசாக ஆடிவிட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் அவள் படியில் விழுந்ததில், முழங்காலுக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். பார்த்து ஆடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

வியாழக்கிழமை சாயங்காலம் இவோர் லேப்டாப்போடு வந்தார்.

"குருவே, கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"போன வருஷம் திருவிழாவுல நீங்க வாசிச்சதை ரெக்கார்டு பண்ணேனே, அதுல மூணு இடத்துல தாளம் இழுக்குது. அளந்து பார்த்துட்டேன்."

"அடேயப்பா! மூணு இடமா?"

"கவலைப்படாதீங்க, சரி பண்ணிட்டேன். அந்தக் கால் சத்தம் வேற தொம்மு தொம்முன்னு. அதை எடுத்துட்டு ட்ரம் போட்டுட்டேன். இப்ப கடிகாரம் மாதிரி ஓடுது. கல்யாணத்துக்கு இதுதான்."

தேசாவுக்குச் சிரிப்பு வந்தது. "யெலேனாக்காவைக் கூப்பிடுங்க. போட்டுப் பார்ப்போம்."

யெலேனா தன் தம்பியை ஜோடிக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். பாட்டு ஆரம்பித்தது. தரையே அதிர்ந்தது. தேசாவின் தோள் தானாக ஆடியது.

"ஐயோ, நல்லாத்தான் இருக்கு!" என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

அந்த ஆட்டத்தில் பெரிய திருப்பம் மூன்று உண்டு. முதல் திருப்பத்தில் யெலேனாவின் கால் கொஞ்சம் பிந்தியது. பாட்டு தன்பாட்டுக்குப் போனது. இரண்டாவதில் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது வந்தபோது ஆட்டத்தை விட்டுவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"என்னால முடியாது போல. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கை தட்டிட்டுப் போறேன்" என்று சிரித்தாள். கண் கலங்கியிருந்தது.

இவோர் பாட்டை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றார். மனைவி என்றால் அவருக்கு உயிர்.

தேசா லியேரிட்ஸாவை எடுத்து முழங்காலில் வைத்தாள். காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

"எழுந்திருங்க அக்கா. எனக்காக ஒரே ஒரு தடவை."

யெலேனா எழுந்தாள். இந்தத் தடவை கடைசிவரை ஆடினாள். முடிந்ததும் மூச்சு வாங்க, தம்பியின் முதுகில் பளாரென்று ஒன்று வைத்துச் சிரித்தாள்.

இவோர் பழக்க தோஷத்தில் விரலால் எண்ணிக்கொண்டே இருந்தார்.

"குருவே, இன்னிக்கும் மூணு இடத்துல இழுத்தீங்க."

"ஆமா."

"மூணு திருப்பத்துலயும்."

"ஆமா."

"அதேதான் போன வருஷமும்..." அவர் குரல் இறங்கியது. "திருவிழாவுல யாரு ஆடினது?"

தேசா யெலேனாவைப் பார்த்தாள்.

"நான்தான்" என்றாள் யெலேனா. "ஊன்றுகோலை வெச்சுட்டு முதல்முதலா ஆடினேன். உங்களைப் பார்த்துக் கைகூட ஆட்டினேன். நீங்க ஹெட்போனை மாட்டிக்கிட்டு மெஷினுக்குள்ள தலையை விட்டிருந்தீங்க. அப்புறம் சொல்லலாம்னு வந்தா, ரெக்கார்டிங் பிரமாதம்னு குதிச்சுட்டிருந்தீங்க. சரி, இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

இவோர் லேப்டாப்பை மூடினார். கொஞ்ச நேரம் அதன்மேலேயே கை வைத்திருந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை நீங்க வாசிங்க, குருவே."

"மாட்டேன். நீங்கதான் வாசிக்கணும்."

"எனக்கு இன்னும் விரலே படியலை. தப்பு வரும்."

"வந்தா வரட்டும்."

லியேரிட்ஸா அவர் முழங்காலுக்கு வந்தது. இவோர் குனிந்து தந்தியையே பார்த்துக்கொண்டு வில்லை வைத்தார். தேசா ஒரு விரலால் அவர் மோவாயை நிமிர்த்தினாள்.

"அங்கே பார்க்காதீங்க."

"பின்னே எங்கே பார்க்கிறது?"

"அக்கா காலை. போன வருஷத்துக்கும் சேர்த்துப் பாருங்க."