கரை மாறிய நீர்நாய்

ஒரு காட்டில் ஓர் ஆறு. இந்தக் கரையில் ஒரு நீர்நாய்க் கூட்டம், அந்தக் கரையில் இன்னொரு கூட்டம். இந்தக் கரைக் கூட்டத்தில்தான், குழந்தைகளே, துள்ளன் பிறந்தான். குட்டியாக இருக்கும்போதே ஆற்றின் அடிவரை முக்குளித்து மீனோடு மேலே வருவான். அவன் தங்கை சுழலியும் அப்படியே. "இவர்கள் வளர்ந்தால் நமக்குப் பஞ்சமே இல்லை!" என்று கூட்டமே கொண்டாடியது.

வளர்ந்ததும் வந்தது வினை. தலைவன் பெருமீசைக்குத் தெரிந்தது ஒரே வேட்டைதான். எல்லோரும் நீர்மட்டத்தில் வரிசையாக நீந்தி, மீனை மணல்மேட்டுக்கு விரட்ட வேண்டும்.

"என்னடா அடியில் தேடுகிறாய்? மேலே வா! வாலைத் தூக்கு!"

துள்ளன் வாலைத் தூக்கினான்.

"இப்போது தலை அமுங்குகிறதே! காலை வேகமாய் அடி!"

வாலை நினைத்தால் கால் தவறியது. காலை நினைத்தால் மீன் தப்பியது. பாவம், ஒரு கெண்டைக்குஞ்சுகூட அவனுக்கு அகப்படவில்லை. போகப்போக முக்குளிப்பதும் மறந்துபோயிற்று.

மீன் பிடிக்காதவர்களுக்கு மழைக்காலத்தில் வளையில் இடமில்லை என்பது பெருமீசையின் சட்டம். வளை இல்லாமல் வெள்ளத்தில் பிழைத்தவர் யாருமில்லை. கோடையிலேயே, "நீ தேறமாட்டாய், போ!" என்று துள்ளனைத் துரத்திவிட்டான்.

துள்ளன் அழுதுகொண்டே ஆற்றைக் கடந்தான். அந்தக் கரைத் தலைவி வடுமூக்கி, "நீ எப்படி மீன் பிடிப்பாய்?" என்று கேட்டாள்.

இதை அவனிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. "முன்பெல்லாம் முக்குளித்துப் பிடிப்பேன், அக்கா. இப்போது எனக்கு ஒன்றுமே வராது."

"மேலே விரட்ட இங்கே நிறையப் பேர் இருக்கிறோம். பயந்த மீன் அடியில் போய்ப் பதுங்கிவிடுகிறது. அங்கே போகத்தான் ஆளில்லை. நீ போ."

முதலில் சில நாள் வாயில் சேறுதான் வந்தது. அதற்காக யாரும் அவனைத் திட்டவில்லை. பிறகு ஒரு காலை, தன் நீளத்துக்கு ஒரு வாளைமீனோடு மேலே வந்தான். அதன்பின் அவன் வெறுங்கையோடு திரும்பியதே இல்லை.

எதிர்க்கரையில் பெருமீசை மார்தட்டினான். "பார்த்தீர்களா? நான் பழக்கியவன்! சுழலி, நீயும் வாலைத் தூக்கு!"

சுழலிக்கு விலா எலும்பு தெரிந்தது. துள்ளன் நீரோரம் ஓடிவந்தான். "சுழலி, இங்கே வந்துவிடு!" என்று கத்தினான்.

"வேண்டாம், அண்ணா. அதே தலைவர் பழக்கித்தானே நீ தேறினாய்? தப்பு என்னிடம்தான். நானும் கற்றுக்கொள்கிறேன்."

"அவர் பழக்கியதால் இல்லையடி!"

அதற்குள் அவள் வாலைத் தூக்கிக்கொண்டு வரிசையில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மழை வந்தது. வெள்ளம் வடிந்ததும் துள்ளன் இரண்டு கரையிலும் தங்கையைத் தேடி அலைந்தான். எங்கும் காணாமல் கடைசியில் பெருமீசையிடமே போய்க் கேட்டான்.

"அவளா? அவளுக்குத் திறமை போதாது" என்றான் பெருமீசை.

நீதி: ஒருவர் தோற்றால் அவரை மட்டும் குறை சொல்லாதே, அவர் நிற்கும் இடத்தையும் பார்.