திருமேனி கேட்காத கேள்வி

செக்காட்டிப் பிழைக்கும் திருமேனி, மனைவி இறந்தபின் அந்த ஆற்றங்கரை ஊருக்கு வந்து சேர்ந்தவன். ஊரே அவனிடம்தான் எண்ணெய் வாங்கியது. ஆனால் ஒரு கல்யாணத்துக்கும் அவனை அழைத்ததில்லை. கடைத்தெருவில் நாலு பேர் கூடிப் பேசும் இடத்துக்கு அவன் போனால் பேச்சு நின்றுவிடும்.

மடத்துக்கு மட்டும் தவறாமல் வருவான். மடத்தின் குரு கோதையம்மை அவனைவிட வயதில் இளையவர். அவர் சொல்வதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, பந்தி போடுமுன் எழுந்து போய்விடுவான்.

ஒருநாள் காலையிலேயே வந்து நின்றான்.

“அம்மா, மாட்டையும் செக்கையும் விற்றுக் கப்பல் வியாபாரத்தில் போடப்போகிறேன். ஆசீர்வாதம் பண்ணணும்.”

“யாருடைய கப்பல்?”

“நல்லதம்பி என்று ஒருத்தர், வெளியூர்க்காரர். தினம் சாயங்காலம் வீட்டுக்கு வருவார். வாய் நிறைய ‘அண்ணே’ என்பார்.”

“கப்பல் எந்தத் துறையிலிருந்து கிளம்புகிறது?”

“தெரியாதம்மா.”

“என்ன சரக்கு?”

திருமேனி தரையைப் பார்த்தான்.

“எள் வாங்கும்போது ஒரு பிடி மென்று பார்க்காமல் விலை பேசமாட்டீர்களே?”

கோதையம்மை உள்பக்கம் கைகாட்டினார்.

“சமையல்கட்டில் பூசணிக்காய் கிடக்கிறது. நறுக்கிக் கொடுங்கள். பிறகு பேசலாம்.”

அவன் நறுக்கினான். “என்னய்யா, மாட்டுக்கா போடுறீங்க? சின்னதா நறுக்குங்க!” என்றாள் சமையற்காரி. எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொந்த ஊர் எது என்று கேட்டார். ரசம் ஆறும்வரை திருமேனி தன் ஊரைப் பற்றிப் பேசினான்.

கை கழுவிவிட்டு கோதையம்மையிடம் வந்தான்.

“நல்லதம்பியிடம் முதல் நாளே கேட்கத் தோன்றியதம்மா. சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்றுதான் விட்டுவிட்டேன்.”

“நினைத்தால் என்ன?”



“அப்புறம் வரமாட்டார். விளக்கு வைத்த பிறகு அந்த வீட்டில் பேச்சுக்குரலே இருக்காதம்மா.”

திருமேனி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“இன்றைக்குக் கேட்டுவிடுகிறேன். ஒருவேளை… வராமலே போய்விட்டால்?”

“மாடு இருக்கும்” என்றார் கோதையம்மை. “நாளைக்கு வாழைப்பூ. வெயில் ஏறுமுன் வந்துவிடுங்கள், ஆய ஆள் போதவில்லை.”