பால்பல்லின் வேர் போன கதை

நறநற. நறநற.

சத்தம்தான் முதலில் வந்தது. மண்குளவி பிடித்த உருண்டையை அப்படியே வைத்துக்கொண்டு காதைக் கொடுத்தது. பூவாயி என்ற சிறுமியின் முன்பல்லுக்கு அடியில், அந்த இருட்டில், அதுவரை அதைத் தவிர வேறு யாரும் இருந்ததில்லை.

பூச்சிகள் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் ஒவ்வொரு பிள்ளையின் ஈறுக்குள்ளும் ஒரு குளவி குடியிருந்தது. எலும்புத் தூளை எச்சிலில் குழைத்து, பல்லின் வேரில் விழும் கீறலைப் பூசுவது அதன் வேலை. இரண்டாம் பல் என்று ஒன்று யாருக்கும் முளைத்ததில்லை. மேலே இருக்கும் பல்லோ குளவியோடு பேசாது. குளவி தானே பேசி, தானே 'உம்' கொட்டிக்கொள்ளும்.

"யாருடா அது, என் வேரைத் தின்னுறது?"

"கத்தாதேக்கா. கரையான்தான். கீழே புதுப்பல் ஒண்ணு முளைச்சிருக்கு. மேலே வர வழி வேணுமாம். வேரைக் கரைச்சுவிடுன்னு ஆள் விட்டுச்சு."

"வேர் முழுக்கப் போனா?"

"பல்லு விழும். நான் என் வழியைப் பாத்துப் போயிடுவேன்."

திட்டித் தீர்க்கத்தான் குளவி வாயைத் திறந்தது. ஆனால் எத்தனை காலம் கழித்து ஒரு குரல்! "வந்தது வந்துட்டே. வெளியில என்ன சேதி, அதைச் சொல்லு" என்றது.

கரையான் தின்றுகொண்டே பேசியது. மழையைச் சொன்னது, புற்றுக்குள் பாம்பு புகுந்ததும் ஊரே ஓடியதைச் சொன்னது. வயிறு நிறைந்து அது தூங்கியதும் குளவி எழுந்து, தின்ற இடத்தையெல்லாம் பூசி மெழுகிவிட்டது.

"என்னக்கா இது? நேத்து தின்ன பள்ளத்தைக் காணோம்!"

"நீ தின்னுற லட்சணம் அப்படி. வாய்தான் நீளம்."

வெளியே பூவாயி, "அம்மா, பல்லு ஆடுது!" என்று குதிப்பாள். மறுநாள் அம்மா தொட்டுப் பார்த்தால் இறுகியிருக்கும்.

"எங்கேடி ஆடுது? அம்மிக்கல்லாட்டம் இருக்கு. புளுகுணி!"

இப்படியே போனது. வழி கிடைக்காத புதுப்பல் வளைந்து, ஈறைப் பின்பக்கமாகக் கிழித்தது. பூவாயி சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் விம்மும்போதெல்லாம் குளவி பூசிய சுவர் அதிர்ந்தது.

கரையான் தூங்கிக்கொண்டிருந்தது. குளவி உருண்டை பிடித்தது. இன்னும் ஒரு பூச்சுப் பூசினால் வேர் நிற்கும். நாளைக்கும் பேச ஒரு ஆள் இருக்கும். வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தது. கையில் உருண்டை காய்ந்து போனது. அதைக் கீழே போட்டுவிட்டுக் கரையானை உலுக்கியது.

"எழுந்திருடா. மிச்சத்தையும் தின்னு."

"இன்னிக்கு சேதி வேணாமாக்கா?"

"வேணாம். புள்ள அழுவுது."

பொழுது விடிந்து பூவாயி ஒரு கவளம் சோறு மென்றபோது பல் கழன்று நாக்கில் விழுந்தது. துப்பிப் பார்த்தாள். வேரே இல்லை.

"அப்ப நான் கிளம்புறேன்க்கா" என்றது கரையான்.

"சரி, பாத்துப் போ" என்றது குளவி.

அன்றைக்குத் தொடங்கியதுதான்: பிள்ளைகளின் பால்பல் ஒரு நாள் ஆடும், மறுநாள் இறுகும், பிறகு மறுபடி ஆடும், விழும்போது வேர் இருக்காது.

குளவி ஈறின் ஓரமாக நடந்து அடுத்த பல்லடிக்குப் போனது. கொஞ்சம் எலும்புத் தூளைக் கூட்டி எடுத்து, குழைக்க உட்கார்ந்தது.