பாறையில் ஓடிய விதைப்பு எந்திரம்

மழை பெய்து ஓய்ந்த ஒரு காட்டில், சுனைக்கரையை ஒட்டி ஒரு கரடிக் குடும்பத்தின் மக்காச்சோள வயல் இருந்தது, குழந்தைகளே. அவர்களிடம் பழைய விதைப்பு எந்திரம் ஒன்று இருந்தது. விதைகளை ஒவ்வொன்றாக எடுத்து மண்ணுக்குள் போட வேண்டிய தட்டு அதில் தேய்ந்து போயிருந்தது. போன வருடம் குரங்கு அதைப் பழுதுபார்த்து, "சரியாகிவிட்டது" என்று சொன்னது. பாதி வயல் முளைக்கவே இல்லை. குட்டிகள் அரைவயிற்றோடு குளிர்காலத்தைக் கழித்தன. அதை நினைத்தால் தாய்க்கரடிக்கு இன்னும் நெஞ்சு கொதிக்கும்.

ஆனால் அந்தக் காட்டில் பழுதுபார்க்க வேறு ஆள் இல்லை. வீட்டில் மிஞ்சியிருந்ததும் ஒரு மூட்டை விதைதான். "தட்டை மட்டும் மாற்றிக் கொடு. கூலியாக ஒரு தேனடை தருகிறேன்" என்று அவள் எந்திரத்தைக் குரங்கிடம் ஒப்படைத்தாள்.

குரங்கு அதற்குச் சிவப்புச் சாயம் அடித்தது. பஞ்சு வைத்த இருக்கை போட்டது. ஒரு மணியையும் மாட்டியது. அப்பாக் கரடி இருக்கையில் ஏறி உட்கார்ந்து, மணியை ஆட்டி ஆட்டி மகிழ்ந்து போனார்.

"தட்டை மாற்றினாயா?" என்று தாய்க்கரடி கேட்டாள்.

"மாற்றாமல் இருப்பேனா அக்கா? விதைத்துப் பாருங்கள். எட்டாம் நாள் முளைகள் வரிசை கட்டி நிற்கும்."

"எட்டாம் நாள் நீ எந்த மரத்தில் இருப்பாயோ, யார் கண்டது?"

கணவரை இறங்கச் சொல்லிவிட்டு, அவள் எந்திரத்தில் ஒரு பிடி விதையைப் போட்டு, அதைப் பக்கத்திலிருந்த வெறும் பாறைமேல் இழுத்தாள்.

"பாறையில் யாராவது விதைப்பார்களா?" என்று குரங்கு பதறியது.

ஓரிடத்தில் நாலைந்து விதைகள் கொத்தாகக் கொட்டின. பிறகு வெகுதூரத்துக்கு ஒன்றுகூட விழவில்லை. அதே பழைய தட்டு.

"சாயம் நன்றாகத்தான் இருக்கிறது" என்று அப்பாக் கரடி முனகினார்.

"சாயத்தையா பிள்ளைகளுக்கு அவித்துப் போடுவது?" என்று அவள் சீறினாள்.

"கோபப்படாதீர்கள் அக்கா. தட்டை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். இப்போது கூலியைக் கொடுங்கள்" என்றது குரங்கு. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

அவள் உள்ளே போய், பிழிந்தெடுத்த வெற்று அடை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இதில் தேனே இல்லையே அக்கா?"

"அடை பளபளவென்று நன்றாகத்தானே இருக்கிறது? தேனை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்."

குரங்கு மெல்லத் தன் பையைத் திறந்து புதுத் தட்டு ஒன்றை எடுத்தது. அதைக் காட்டுப்பன்றிக்கு விற்று இன்னொரு தேனடை சம்பாதிக்க எண்ணியிருந்ததாம், அந்தத் திருட்டுக் குரங்கு.

தட்டை மாட்டி முடித்ததும், "இனி வயலுக்குப் போகலாம் அக்கா" என்றது.

அவளோ எந்திரத்தை மறுபடியும் பாறைக்கே இழுத்தாள்.

"இன்னுமா என்னை நம்பவில்லை?"

"நம்பித்தான் போன வருடம் பிள்ளைகளைப் பட்டினி போட்டேன்" என்றாள் தாய்க்கரடி.

இந்த முறை விதைகள் ஒவ்வொன்றாக, சீரான இடைவெளியில் விழுந்தன. அந்த வரிசையை முதலிலிருந்து கடைசிவரை நடந்து பார்த்த பிறகே அவள் ஈர வயலில் காலை வைத்தாள்.

நீதி: மண் மூடப்போகும் வேலையை, மூடும் முன்பே கண்ணால் பார்த்துவிடு.