மேகத்தைப் பேர் சொல்லி அழைத்தவள்

வெகு காலத்துக்கு முன்னே, கடல் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கரித்த காலத்திலே, உப்பளபுரி என்று ஒரு நாடு இருந்தது. அங்கே பேச்சியம்மாளும் அவள் புருஷன் சுடலைமுத்துவும் உப்புப் பாத்தியில் வேலை செய்தார்கள். சுடலைமுத்து தங்கமான மனுஷன். ஆனால் மூக்குக்கு மேலே கோபம் வரும். வந்த வேகத்தில் போயும் விடும்.

ஒரு நாள் புகையாண்டி என்ற மந்திரவாதி செருப்புக் காலோடு அவர்கள் பாத்தியில் நடந்து வந்தான்.

“யோவ்! சோத்துல போடுற உப்புய்யா இது. செருப்பக் கழட்டு!” என்று கத்தினான் சுடலைமுத்து.

மந்திரவாதி கோலைச் சுழற்றினான். சுடலைமுத்து ஆவியாகி, மேலே போய், மேகமாகிவிட்டான். அந்த ஊரில் பல வீட்டு ஆண்களை இந்தப் பாவி இப்படித்தான் மேகமாக்கி வைத்திருந்தான்.

“அவரத் திருப்பிக் குடுங்க சாமி!” என்று அழுதாள் பேச்சியம்மாள்.

“பொண்டாட்டி தன் வாயால புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா இறங்கி வருவான். மழையாக் கொட்டித் தீர்ந்துட்டா ஆளே இல்ல!” என்று சிரித்தான் மந்திரவாதி.

ஏன் சிரிக்க மாட்டான்? அந்த நாட்டில் புருஷன் பேரை எந்தப் பெண்ணும் வாயால் சொல்ல மாட்டாள். சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று நம்பிக்கை.

பேச்சியம்மாள் அண்ணாந்து பார்த்தாள். உப்பளத்துக்காரிக்கு மேகம் பார்க்கவா தெரியாது?

எட்டாத உயரத்தில் இறகு மேகம் ஒன்று போனது. “இது அவர் இல்ல. இது சாது.”

வானத்தை மூடிக்கொண்டு போர்வை மேகம் வந்தது. “இதுவும் அவர் இல்ல. இது நாள் முழுக்கச் சிணுங்கும். அவர் சிணுங்குற ஆளா?”

வெயில் ஏற ஏற, பஞ்சுப் பொதி மேகம் ஒன்று முளைத்தது. வளர்ந்தது, வளர்ந்தது, மலையாக வளர்ந்தது. அடி கறுத்தது. உச்சி கொல்லன் பட்டறைக் கல்லைப் போலத் தட்டையானது. டமார் என்று இடி இடித்தது.

“இவரேதான்!” என்றாள் பேச்சியம்மாள்.

மேகத்தின் அடி சுழன்று சுழன்று யானைத் துதிக்கையாகக் கீழே இறங்கியது. மந்திரவாதியைக் கோலோடு சுருட்டிக் கடலுக்கு அப்பால் வீசியது. கோபம் அதோடு அடங்கவில்லை. கண்மண் தெரியாமல் குடிசைகளை நோக்கி வந்தது. பெரிய பெரிய துளிகளும் விழ ஆரம்பித்தன.

“ஏங்க!” என்றாள். மேகம் திரும்பவில்லை. “இங்க பாருங்க!” என்றாள். திரும்பவில்லை. “உங்களத்தானே!” என்றாள். ஊஹூம்.

சொன்னால் ஆயுள் குறையும். சொல்லாவிட்டால் ஆளே இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, “சுடலைமுத்து! போதும், இறங்கி வாங்க!” என்று கத்தினாள்.

துதிக்கை சுருங்கிச் சுருங்கி மறைந்தது. தொப்பலாக நனைந்து நின்றான் சுடலைமுத்து.

“என்ன பேச்சி, பேரச் சொல்லிட்ட?”

“ஆயுசு கொறஞ்சுச்சா?”

அவன் கையையும் காலையும் தடவிப் பார்த்தான். “இல்லையே!”

அவ்வளவுதான். ஊர்ப் பெண்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்துக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கூப்பிடக் கூப்பிட ஆண்கள் இறங்கி வந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, மீன் செதில் மாதிரி ஒரு மேகம் மட்டும் மிஞ்சியது. கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவன் பொண்டாட்டி ராக்கம்மாளுக்குத் தொண்டை கட்டிப்போனது. அவ்வளவு உயரத்துக்கு ஒரு குரல் எட்டுமா? ஊரே சேர்ந்து, “செல்லையா!” என்று கூப்பிட்டது.

செல்லையா இறங்கி வந்தான். “இத்தன வருஷமா ஒரு தடவகூடக் கூப்பிடலயே, ராக்கு!”

“மனசுக்குள்ள தெனமும் கூப்பிட்டேன்” என்றாள் ராக்கம்மாள்.

அன்று மாலை உப்பளபுரி வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. எல்லா வீட்டிலும் சோறு கொதித்தது. அவர்கள் வயிறு நிறைந்தது, நம் மனசும் நிறையட்டும்.