விழுவதில் ஒரு திருத்தம்

“பதினோரு மாசமா வர்றனுங்க டீச்சர். ஒரு நாளாச்சும் என்னைத் திருத்தியிருக்கீங்களா?”

காலை ஆறு மணி வகுப்பு முடிந்து எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்டவள் மயிலாத்தாள், வயது ஐம்பத்தாறு. பதில் சொல்ல வேண்டியவர் சுகந்தி டீச்சர், வயது முப்பத்தொன்று. ஈரோட்டில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் யோகா சொல்லித்தருகிறவர்.

“எல்லாரையும் திருத்தறீங்க. ரஜியாவுக்கு முழங்காலப் புடிச்சு நேராக்கி விடறீங்க. மேட் கோணலாக் கிடந்தாக்கூடக் குனிஞ்சு கிழக்குப் பாத்துத் திருப்பி வெக்கறீங்க. மேட்டுக்கு இருக்கிற மரியாதை எனக்கில்லீங்களா?”

டீச்சர் விளக்கு சுவிட்ச் பக்கம் நடந்தார்.

“மரம் மாதிரி ஒத்தக் கால்ல நிக்கச் சொல்றீங்க. நான் பத்து எண்றதுக்குள்ள பொத்துனு உக்காந்துடறேன். இவளைத் திருத்தி என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டீங்களா?”

“நாளைக்குக் கடைசி வரிசைக்குப் போயிருங்கக்கா” என்றார் டீச்சர்.

அவ்வளவுதான். விளக்கை அணைத்துவிட்டார்.

*

மயிலாத்தாள் படியிறங்கும்போதே அழுதாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டவள் அவள். கட்டுப் பிரித்த பிறகும் வாசல் தாண்டவில்லை. ரோட்டில் விழுந்துவிடுவோமோ என்று பயம். காய்கறிக்காரர் வீட்டுக்கே வந்தார். கோயில் தேர் டிவியில் வந்தது. ஒரு வருஷம் அப்படியே போனது.

மூன்று தெரு தள்ளியிருந்த இந்த மாடிதான் அவளை வெளியே இழுத்தது. அவள் தனியாக நடந்து போகிற ஒரே இடம் இதுதான். இதையும் விட்டால் மறுபடி அந்த நான்கு சுவர்தான், அது அவளுக்கும் தெரியும்.

ஆனாலும் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே. கேட்கப் போனது திருத்தம், கிடைத்தது கடைசி வரிசை.

நாளையோடு சரி என்று முடிவு செய்தாள்.

*

மறுநாள் இரண்டாம் வரிசையில் அவள் இடம் காலியாகக் கிடந்தது. அவள் மேட் சுவரோரம் கடைசியில்.

மரத்துக்கு நேரம் வந்தது. எல்லோரும் வலது காலை மடக்கி, பாதத்தை இடது தொடையில் ஒட்டி, கைகளைத் தலைக்கு மேலே தூக்கிக் கூப்பினார்கள். டீச்சர் முப்பது வரை எண்ணுவார்.

ஏழில் மயிலாத்தாள் விழுந்தாள். விழுந்தவள் வழக்கம்போல, “அட, போ கழுதை!” என்று தன் காலையே வைதுவிட்டு மறுபடி தூக்கினாள்.

அப்போதுதான் பார்த்தாள்.

மூன்றாம் வரிசையில் ரஜியா கழுத்தைப் பின்பக்கம் திருப்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து திரும்பினால் மரம் நிற்குமா? ரஜியா சாய்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் புதிதாய்ச் சேர்ந்த இன்னும் இரண்டு பேர். அவர்களும் திரும்பினார்கள், அவர்களும் சாய்ந்தார்கள்.

டீச்சர் எண்ணிக்கொண்டே இருந்தார்.

*

வகுப்பு முடிந்ததும் ரஜியா நேரே வந்தாள். இரண்டு மாதமாகத்தான் வருகிறாள். வங்கியில் கவுன்டர் வேலை, முழங்கால் வலி.

“ஏனுங்க்கா பின்னாடி போயிட்டீங்க?”

“டீச்சர் அனுப்பிட்டாங்க. நமக்கு நிக்க வந்தாத்தானே.”

“அய்யோ, நீங்க முன்னாடி இல்லாம எனக்கு நிக்கவே வரலைங்க்கா.”

“நான் எங்கே நின்னேன்? விழுந்துட்டுத்தானே இருந்தேன்!”

“அதாங்க்கா. மொத நாளு வந்தப்ப எல்லாரும் செலை மாதிரி நிக்கறாங்க, நான் மட்டும் விழறேன். நாளைக்கு வரவே கூடாதுன்னு இருந்தேன். அப்பப் பாத்து முன்னாடி நீங்க பொத்துனு விழுந்தீங்க. காலை வைதுட்டு மறுபடி தூக்குனீங்க.” ரஜியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அதப் பாத்துத்தான் மறுநாளும் வந்தேன். ரொம்ப நன்றிங்க்கா. சொல்லணும்னு இருந்தேன்.”

மயிலாத்தாள் அன்பாகச் சோறு போட்டதற்கு அவளுக்கு நன்றி சொன்னவர்கள் உண்டு. கல்யாணத்துக்கு மொய் வைத்ததற்கு உண்டு. விழுந்ததற்கு யாரும் சொன்னதில்லை.

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

*

டீச்சர் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார்.

“டீச்சர்” என்றாள் மயிலாத்தாள்.

“நீங்க இங்க வந்த மொத நாளு உங்களுக்கு முன்னாடி யாருக்கா நின்னாங்க?”

“நாச்சிமுத்தண்ணன்.”

மறக்கிற ஆளா அவர்! மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். முப்பது வருஷம் கம்பம் ஏறியவர். இந்த வகுப்புக்கே ஒன்பது வருஷமாக வந்தவர். அவ்வளவு இருந்தும் தரையில் ஒற்றைக் காலில் நிற்கத் தெரியாது. தினமும் விழுவார். விழுந்து, “கரண்டு போச்சுங்க!” என்று உரக்கச் சொல்லிவிட்டுத் தொப்பையைத் தடவிக்கொண்டு எழுவார். இப்போது வடக்கே ஓசூரில் மகள் வீட்டோடு போய்விட்டார்.

“அவர் விழுந்தப்ப நீங்க என்ன செஞ்சீங்க?”

“சிரிச்சனுங்க.”

“அப்புறம்?”

மயிலாத்தாள் யோசித்தாள்.

“மறுநாளும் வந்தனுங்க.”

டீச்சர் கடைசி ஜன்னலைச் சாத்தினார்.

“நாளைக்கு மேட்டை எங்கக்கா போடப்போறீங்க?”

*

இரண்டாம் வரிசையில்தான் போட்டாள்.

ஐந்து மாதம் போயிற்று. பத்துவரை நின்றாள். பிறகு பதினெட்டு. ஐப்பசி மழையில் ஒருநாள் இருபத்தைந்து. இப்போதெல்லாம் குடையைப் பிடித்துக்கொண்டு தனியாக மார்க்கெட்டுக்கே போய்வருகிறாள்.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை புது ஆள் ஒருவர் வந்தார். கதிரேசன், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். டாக்டர் சொன்னதால் வந்திருக்கிறார், தன் இஷ்டத்துக்கு வரவில்லை என்பதை வாசலிலேயே சொன்னார். கைத்தடியைக் கதவோரம் சாத்தினார். டீச்சர் அவரை மூன்றாம் வரிசையில், மயிலாத்தாளுக்கு நேர் பின்னால் நிறுத்தினார்.

மரம்.

“ஒண்ணு. ரெண்டு. மூணு.”

அன்று அவள் கால் தரையில் வேர்விட்டதுபோல நின்றது. பதினைந்து. இருபது. மயிலாத்தாளுக்கே நம்பமுடியவில்லை. சாமி, இன்னும் பத்துதான், இன்னும் பத்தே பத்து.

பின்னால் தொப்பென்று சத்தம்.

எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் தெரிந்தது. தலைமையாசிரியர் மேட்டில் உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்திருந்தது. நாற்பது வருஷம் பிள்ளைகளை பெஞ்சு மேல் ஏற்றி நிற்கவைத்தவர். யாரையும் பார்க்காமல் மேட்டைச் சுருட்ட ஆரம்பித்தார்.

“இருபத்து மூணு. இருபத்து நாலு.”

பதினாறு மாதம் காத்திருந்த முப்பது. இன்னும் ஆறே எண்ணிக்கை.

மயிலாத்தாள் காலை விட்டாள். பொத்தென்று உட்கார்ந்தாள்.

“அட, போ கழுதை!”

வகுப்பு சிரித்தது. அவள் திரும்பி, “நமக்கு இது தெனமும் ஆகறதுதானுங்க சார். அடுத்த காலைப் பாக்கலாம், எந்திரிங்க” என்றாள்.

தலைமையாசிரியர் அவளைப் பார்த்தார். பாதி சுருட்டிய மேட்டைப் பார்த்தார்.

மெல்ல விரித்தார்.

*

மற்றவர்கள் கால் மாற்றிக்கொண்டிருந்தபோது டீச்சர் வரிசைக்குள் நடந்து வந்தார். மயிலாத்தாள் பக்கத்தில் நின்றார். பதினாறு மாதத்தில் முதல்முறையாக அவள் தோளில் கை வைத்தார்.

மயிலாத்தாள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

டீச்சர் அவள் காதருகே குனிந்தார்.

“இப்படியா விழறது? அப்பட்டமாத் தெரியுதுங்கக்கா. நாச்சிமுத்தண்ணன் எவ்வளவு சுத்தமா விழுவாரு!”

மயிலாத்தாள் அப்படியே நின்றுவிட்டாள்.

முப்பது வருஷம் கம்பம் ஏறின கால்.

“டீச்சர், அப்ப அவரு...”

டீச்சர் முன்னால் போய்விட்டிருந்தார்.

“இடது கால். ஒண்ணு.”

எல்லோரும் கிழக்கே பார்த்து நின்றார்கள். மயிலாத்தாள் மட்டும் குனிந்து தன் மேட்டை வடக்கே, ஓசூர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள். காலை மடக்கினாள். கண்ணில் நீர் வழிய, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் கூப்பினாள்.

டீச்சர் திருத்தவில்லை.